சிங்க் ஆகிவிட்டால் போதுமா?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. சுற்றுவட்டாரத்தில் தக்காளியும் ரோஜாவும் விளைகின்றன. பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் வேலையும் நடக்கிறது. இரண்டு சி.என்.சி. மெஷின், எட்டுப் பேர், கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு சின்ன ஆபீஸ். அப்படி ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் அங்கே சர்வர். டிராயிங், இன்வாய்ஸ், டாலி கணக்கு எல்லாம் அதில்தான். முதலாளி பாதி நாள் ஓசூரிலும் அத்திப்பள்ளியிலும் அலைகிறவர். அவர் லேப்டாப்பும் பட்டறை கம்ப்யூட்டரும் கூகுள் டிரைவ் வழியாக இணைந்திருக்கின்றன. ஒருநாள் மாலை, வேலை கொடுத்த கம்பெனியிலிருந்து மாற்றிய டிராயிங் மெயிலில் வருகிறது. அதை டிரைவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். பட்டறையில் அன்று இரவு நெட் இல்லை.

காலையில் ஆபரேட்டர் சந்தோஷமாகச் சொல்கிறார்: “அண்ணா, நானூறு பீஸும் முடிச்சாச்சு.”

“எந்த டிராயிங்ல போட்டே?”

“சர்வர்ல இருந்ததுலதாண்ணா.”

புதிய டிராயிங்கில் துளையின் அளவு 0.2 மி.மீ. சிறியது. கடைந்த துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. நானூறும் ரிஜெக்ட். மெட்டீரியல் காசு, மெஷின் நேரம், சொன்ன தேதியில் சரக்கு கொடுக்க முடியாத கெட்ட பெயர், மூன்றும் சேர்ந்து வந்தன.

இங்கே கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. கிளவுடும் தன் வேலையைச் செய்தது. ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இரண்டு டிராயிங் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அதுதான் கோளாறு.

எது அசல்?

சிங்க் வைப்பதற்கு முன் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் அசல் எங்கே இருக்கிறது?

டிராயிங்குக்கு அசல் கிளவுடில் இருக்கட்டும். முதலாளி மட்டும் போடுவார்; பட்டறைக் கணக்குக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும். நெட் இல்லாதபோதும் திறக்க, அந்த ஃபோல்டரை ‘ஆஃப்லைன்’ என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஃபைலின் பெயர் மட்டும் கண்ணில் தெரியும், திறக்காது. ஃபைல் பெயரிலேயே திருத்த எண்ணும் தேதியும் இருக்கட்டும். மெஷினில் வேலை ஏற்றும் முன் ஆர்டர் தாளில் உள்ள திருத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை. அது பொருந்தாவிட்டால் மெஷின் ஓடக் கூடாது. முதலாளிக்கு ஒரு போன் போட வேண்டும்.

கணக்குக்கு அசல் பட்டறை கம்ப்யூட்டரில். இங்கே திசை தலைகீழ். டாலியின் டேட்டா ஃபோல்டரை அப்படியே சிங்க்கில் விடுவது ஆபத்து. அதில் பல ஃபைல்கள் சேர்ந்து ஒரு கணக்காகின்றன. யாரோ என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது பாதி புதிதும் பாதி பழையதுமாக நகலானால், அந்த நகலைத் திறக்கவே முடியாமல் போகலாம். மாலையில் கம்பெனியை மூடிவிட்டு, டாலியிலேயே பேக்கப் எடுத்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் தேதி போட்டு மேலே ஏற்றுவதே பத்திரம்.

இருவர் ஒரே எக்செல் ஃபைலை இரண்டு இடத்தில் திருத்தினால்? சில சேவைகள் ‘முரண்பட்ட நகல்’ என்று இன்னொரு ஃபைலை உண்டாக்கி வைக்கும். எது சரி என்பதை மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனவே, ஒரு ஃபைலுக்கு ஒரு பொறுப்பாளர்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

சிங்க் ஒரு கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களே கிளவுடுக்கும் போகும்.

கிளவுடும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தது. வேறு நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் டேட்டாவை இழந்தார்கள். 2023 நவம்பரில் கம்ப்யூட்டருக்கான கூகுள் டிரைவ் ஆப்பில் வந்த கோளாறால் சிலருக்குச் சில மாத ஃபைல்கள் காணாமல் போயின. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் ஃபைல்கள் அழிந்தன. அவற்றுக்கு வெளியே வேறு நகல் இல்லை.

அதனால்தான் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் அல்லது வேறு கட்டடத்தில். பட்டறைக்கு இது எளிது. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று கிளவுடில், மூன்றாவது ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில். வாரம் ஒருமுறை நகல் எடுத்ததும் அதைக் கழற்றி வீட்டு பீரோவில் வைத்துவிட வேண்டும். மாட்டியே வைத்திருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேரும் மின்னலும் விட்டுவைக்காது.

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். “டிஸ்க் போயிடுச்சு சார்” என்பது ஆபீசரிடம் சொல்லத்தக்க பதில் அல்ல.

இரவில் ஏற்றுங்கள்

அப்லோடு வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்றால் 20 ஜி.பி. ஏறச் சுமார் நாலரை மணி நேரம் ஆகும். முதல்முறை முழுவதையும் ஏற்றுவதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு புதியதும் மாறியதும் மட்டும் போகும். கம்ப்யூட்டருக்கும் நெட் மோடத்துக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். வேண்டும். கம்ப்யூட்டருக்கு மட்டும் கரன்ட் இருந்து மோடம் அணைந்துவிட்டால் சிங்க் நின்றுவிடும். திரையில் அது சட்டென்று கண்ணில் படாது. கூகுள் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பும் அவசியம். பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மாதம் ஒருமுறை ஹார்டு டிஸ்க்கை எடுத்து, பழைய இன்வாய்ஸ் ஒன்றையும் டாலி பேக்கப் ஒன்றையும் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல். திறக்காவிட்டால், இழப்பு வருவதற்கு முன்பே தெரிந்ததே என்று நிம்மதியடைந்து அன்றே புதிதாக எடுத்துவிடுங்கள்.