பிரக்யான் ஃபெயிலா?

"14 நாளில் செத்துப்போச்சு, 615 கோடி வீண்" என்று நம் குடும்பக் குழுவில் மறுபடியும் ஒரு ஃபார்வர்டு. மைத்துனரே, கோபிக்காதீர்கள், பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த 26 கிலோ வண்டியைச் செய்ததே நிலவின் ஒரு பகலுக்கு, அதாவது நம் கணக்கில் 14 நாளுக்குத்தான். சூரிய ஒளியில் ஓடுவது. இரவில் அங்கே மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போகும். அதற்குள் சுமார் 100 மீட்டர் நகர்ந்து, லேசரால் மண்ணைச் சுட்டு, எழுந்த ஒளியை வைத்துக் கந்தகம் இருப்பதைக் கண்டுபிடித்தது. விக்ரமில் இருந்த வெப்பமானியோ மண்ணுக்குள்ளேயே இறங்கியது. மேலே சுமார் 50 டிகிரி, வெறும் 8 செ.மீ. ஆழத்தில் மைனஸ் 10! தென்துருவப் பக்கம் அதுவரை யாரும் மண்ணைத் தொட்டு அளந்ததில்லை.

பிள்ளைகளே, முழுப் பரீட்சையும் எழுதி முடித்தபின் பேனாவில் மை தீர்ந்தவனுக்கு நான் என்றைக்காவது முட்டை போட்டிருக்கிறேனா?