அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நாள் பஸ் ஏறிப் பார்க்க வேண்டும்!

சென்னையில் வீடு தேடி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வாடகை எவ்வளவு?" இரண்டாவது கேள்வி, "தண்ணீர் வருமா?"

"ஆபீசுக்கு எத்தனை வண்டி மாறணும்?" என்று கேட்பவர்கள் குறைவு. அட்வான்ஸ் கொடுத்து, சாமான் இறக்கி, பால் காய்ச்சிய பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. அதற்குள் காரியம் கைமீறிப் போய்விடுகிறது.

மே, ஜூன் மாதம் வந்தால் போதும். மதுரை, நெல்லை, சேலம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மாற்றல் ஆனவர்களும், புதிதாக வேலை கிடைத்தவர்களும் வந்து இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை புரோக்கரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து நாலு வீடு பார்க்கிறார்கள். ஐந்தாவது வீட்டைப் பேசி முடிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரோடு வேறு. திங்கட்கிழமை ரோடு வேறு. இதை எந்தப் புரோக்கரும் சொல்வதில்லை.

4 ஆயிரம் மிச்சமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒருவருக்குக் கிண்டியில் வேலை. குரோம்பேட்டையில், ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு போர்ஷன் 13 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தாம்பரத்துக்கு மேற்கே உள்ளே தள்ளி அதே அளவு வீடு 9 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. "மாசம் 4 ஆயிரம் மிச்சம் சார், யோசிக்காதீங்க" என்கிறார் புரோக்கர்.

வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. போக 20, வர 20. மாதம் 25 நாளுக்கு 1,000 ரூபாய். மழை நாள், நேரமாகிவிட்ட நாள், குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாள் என்று மாதத்தில் நாலு தடவை தனி ஆட்டோ பிடித்தால் இன்னும் ஒரு 1,000. மிச்சம் 4 ஆயிரம் அல்ல, 2 ஆயிரம்தான்.

அடுத்தது நேரம். ஷேர் ஆட்டோ நிறையும் வரை காத்திருக்க வேண்டும். ஸ்டேஷன் படிக்கட்டு நெரிசலில் ரெயில் ஒன்று கண் முன்னால் போய்விடும். சில நாள் முக்கால் மணி, சில நாள் ஒன்றேகால் மணி அதிகம். சராசரி ஒரு மணி என்றால், போக வர நாளுக்கு 2 மணி. மாதம் 50 மணி நேரம்! 8 மணி நேர வேலைக் கணக்கில் இது 6 நாள் உழைப்புக்கும் மேல்.

2 ஆயிரம் ரூபாய்க்கு 50 மணி நேரம். மணிக்கு 40 ரூபாய். இந்த விலைக்குத்தான் மனிதர் தன் தூக்கத்தையும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரத்தையும் விற்கிறார்.

கிலோமீட்டர் அல்ல, வண்டி!

அதற்காக எல்லோரும் ஊர் நடுவில் வீடு பிடிக்க முடியுமா? கையில் பணம் குறைவாக இருப்பவர் தள்ளித்தான் போயாக வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் தூரம் வேறு, சுற்று வேறு.

கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூர் ரொம்பத் தூரம். ஆனால் ஸ்டேஷன் பக்கம் குடியிருந்தால் ஒரே ரெயில்தான். ஏறினால் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூர் அதைவிடக் குறைந்த தூரம். போவது எப்படி? பெரம்பூரில் ரெயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டிப் பார்க் டவுனில் பறக்கும் ரெயில் பிடித்து, திருவான்மியூரில் இறங்கி, மறுபடி பஸ். ஒவ்வொரு மாறுதலிலும் காத்திருப்பு. ஒன்றில் தவறினால் அடுத்ததும் தவறும்.

கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. குமாஸ்தா குடும்பங்கள் தண்டவாளத்தை ஒட்டியே வீடு பிடித்தது காரணம் இல்லாமல் அல்ல. சீசன் டிக்கெட் ஒன்று எடுத்தால் மாதம் முழுக்கக் கவலை இல்லை. பஸ்சை நம்புகிறவர்களுக்கு 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது. ஆனால் பாஸ் காசைத்தான் மிச்சப்படுத்தும். மூன்று பஸ் மாறினால் அந்த நேரத்தை அது திருப்பித் தராது.

"மெட்ரோ வரும் சார்!"

பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம் வீடு பார்ப்பவர்களிடம் சொல்லப்படும் மந்திரம் ஒன்று உண்டு. "இன்னும் கொஞ்ச நாள்தான் சார், மெட்ரோ வந்துடும்!"

வரட்டும், நல்லதுதான். ஆனால் பழைய கதையையும் பார்க்க வேண்டும். பறக்கும் ரெயில் 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது. வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது 2007-ல். அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய அந்த வேலை 15 ஆண்டு தாண்டியும் முடியாமல் இழுத்தது. அந்த ரெயிலை நம்பி அன்று வீடு பிடித்தவர் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்து, படித்து முடித்து, வெளியே வந்தேவிட்டது!

வண்டி வரும் வரை தோண்டிப் போட்ட ரோட்டில் போகப் போவது குடியிருப்பவர்தான், புரோக்கர் அல்ல. ஓடுகிற வண்டியைப் பார்த்து வீடு பிடிக்க வேண்டும்.

சித்தப்பா சொன்ன கோயம்பேடு

சொந்தக்காரர்கள் யோசனையும் இப்படித்தான். "கோயம்பேடு பக்கமே பாருப்பா, ராத்திரி பஸ் ஏறினா விடிஞ்சா ஊரு" என்பார் சித்தப்பா. அவர் சொன்னது பொய் அல்ல. 2002-ல் கோயம்பேடு பஸ் நிலையம் வந்ததிலிருந்து அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

ஆனால் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென் மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன. இப்போது கோயம்பேட்டில் குடியிருப்பவர் மதுரைக்குப் போக முதலில் கிளாம்பாக்கத்துக்குப் போக வேண்டும். சனிக்கிழமை தோறும் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆர்டரில் ஒரு வார்த்தை

வேலை கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆர்டரில் "சென்னை" என்று ஒரே வார்த்தை. வந்து பார்த்தால் வேலை ஸ்ரீபெரும்புதூரில்! அது சுமார் 40 கிலோமீட்டர். அல்லது ஒரகடம், அல்லது மணலி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை.

எந்த இடம், எந்த ஷிப்ட், கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்பதை ஆர்டரோடு சேர்த்துச் சொன்னால் நிர்வாகத்துக்கு என்ன நஷ்டம்? கம்பெனி பஸ் நிற்கிற இடம்தான் தொழிலாளிக்கு ஆபீஸ் வாசல். அதைத் தெரிந்துகொண்டால் தொழிற்சாலைப் பக்கமே வீடு தேட வேண்டியதில்லை.

யாருக்குப் பக்கம்?

இன்னொன்று, பலர் பேசாத விஷயம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், வீடு யார் ஆபீசுக்குப் பக்கம்? பெரும்பாலும் கணவர் ஆபீசுக்குத்தான்.

காலை 5 மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, ஓடிப்போய் பஸ் பிடிப்பவர் மனைவி. இருட்டிய பிறகு இறங்கி, அரைக் கிலோமீட்டர் தெருவில் நடந்து வந்து, மறுபடி அடுப்படியில் நிற்பவரும் அவர்தான். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ரொம்ப நல்லது. ஆனால் டிக்கெட்தான் இலவசம், நேரம் இலவசம் அல்ல.

இருவர் ஆபீசும் ஒரே ரெயில் பாதையில் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால், வீட்டு வேலையும் சேர்த்து இரண்டு வேலை பார்ப்பவர் பக்கம் வீடு இருப்பதுதான் நியாயம்.

10 மாத அட்வான்ஸ்

தப்பாகப் பிடித்துவிட்டால் மாறிக்கொள்ளலாமே என்பார்கள். அவ்வளவு சுலபமா? சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது பழைய வழக்கம். 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 3 மாத வாடகைக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. புரோக்கர் கமிஷன் திரும்ப வராது. லாரி வாடகை திரும்ப வராது. பள்ளியில் கட்டிய பணம் திரும்ப வராது. ஒருமுறை அட்வான்ஸ் கொடுத்தால் காலைக் கட்டிப் போட்ட மாதிரிதான்.

ஆகவே முதல் 15 நாள் திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ, சொந்தக்காரர் வீட்டிலோ தங்கிப் பார்ப்பது நல்லது. குடும்பத்தை அவசரப்பட்டு அழைத்து வர வேண்டாம். வீடு பிடித்திருந்தால் வேலை நாளில் காலை 8 மணிக்கு அந்தத் தெருமுனையில் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து ஆபீசுக்கு ஒரு தடவை போய், சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். 100 ரூபாய் செலவாகலாம். அட்வான்ஸ் பணத்துக்கு முன் அது ஒன்றும் இல்லை.

வீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். அட்வான்சை திங்கட்கிழமை சாயங்காலம் கொடுத்தால் போதும்.