தாயின் மேல் பழி வேண்டாம்

ஒரு தாய்க்கு முதற் குழந்தை நலமாகப் பிறக்கிறது. இரண்டாவது குழந்தை கடும் மஞ்சள் காமாலையுடன் பிறந்து இறந்துவிடுகிறது. மூன்றாவது வயிற்றிலேயே இறக்கிறது. "அவள் ராசி அப்படி" என்று ஊரார் பழிப்பதுண்டு. இது நியாயமா? விடையை ஜாதகத்தில் அல்ல, சோதனைக் குழாயில் தேடவேண்டும்.

இதற்கு முதல் தடயம் நியூயார்க்கில் கிடைத்தது. குழந்தை இறந்தே பிறந்த ஒரு தாய்க்குக் கணவரின் இரத்தம் செலுத்தப்பட்டது. இருவரும் 'ஓ' வகையினரே. ஆயினும் அவர் உடல் அதை ஏற்கவில்லை. தந்தையிடமிருந்து குழந்தை பெற்ற, தாயிடம் இல்லாத ஏதோ ஒரு பொருளை எதிர்த்து அத்தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கிறது என்று லெவின், ஸ்டெட்சன் என்னும் மருத்துவர்கள் 1939-ல் எழுதினார்கள். அப்பொருளையே இன்று ஆர்.எச். காரணி என்கிறோம்.

தாய் ஆர்.எச். நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்தின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் இரத்தத்தில் கலக்கலாம். எதிர்ப்பொருள் மெல்ல உருவாகும்; அதற்குள் முதற் குழந்தை பிறந்துவிடுகிறது. அடுத்த குழந்தை பாசிட்டிவ் ஆனால், எதிர்ப்பொருள் நஞ்சு வழியே சென்று அதன் சிவப்பணுக்களை அழிக்கிறது.

இந்த எதிர்ப்பொருள் சிவப்பணுவின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தானாக அணுக்களைத் திரளச் செய்யாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? 1945-ல் கூம்ஸ், மூரண்ட், ரேஸ் மூவரும் இங்கிலாந்தில் வழி கண்டார்கள். தாயின் சீரத்தைப் பாசிட்டிவ் சிவப்பணுக்களுடன் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, உப்புக் கரைசலில் பலமுறை கழுவி, கூம்ஸ் சீரத்தைச் சேர்க்கவேண்டும். அது ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள்களுக்கிடையே பாலம் போடும், அணுக்கள் திரளும். தாயின் சீரத்தை 2, 4, 8, 16 மடங்கு என நீர்க்கச் செய்து பார்த்தால் எதிர்ப்பொருளின் வலிமையும் தெரியும்.

கழுவுவதில் கவனக்குறைவு நேர்ந்தால் 'இல்லை' என்று பொய் விடை வரும். எனவே நல்ல ஆய்வுக்கூடத்தில், 'இல்லை' என்ற குழாயில் ஏற்கனவே எதிர்ப்பொருள் பூசிய அணுக்களைச் சேர்ப்பார்கள். அவை திரண்டால்தான் அந்த 'இல்லை' செல்லும்!

இச்சோதனையை முதல் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே செய்யவேண்டும் என்பதே என் கருத்து. ஏன்? 1968 முதல் ஆன்டி-டி ஊசிமருந்து பயன்பட்டு வருகிறது. கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்திலும், பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள்ளும் அதைப் போடுகிறார்கள். அது எதிர்ப்பொருள் உண்டாவதைத் தடுக்கும், உண்டானதை நீக்காது. இழந்த பின் சோதித்தால் காலம் கடந்துவிடும். அப்போதும் வழி அடைபடுவதில்லை; 1963-ல் நியூசிலாந்தின் லைலி தொடங்கி வைத்த முறையில் கருவிலேயே இரத்தம் செலுத்தலாம். ஆனால் அது கடினமான வழி.

"நம் நாட்டில் நெகட்டிவ் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர்தானே, எல்லாரையும் ஏன் சோதிக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நூறு பேரின் இரத்த வகையையும் பாராமல் அந்த ஐவர் யார் என்று எப்படி அறிவது?

உங்கள் அக்காவோ அண்ணியோ கருவுற்றிருக்கிறாரா? "இரத்த வகை பார்த்தாயிற்றா? நெகட்டிவ் என்றால் கூம்ஸ் சோதனை செய்தார்களா?" என்று இன்றே கேளுங்கள். நீங்கள் கற்கும் அறிவியல் ஓர் உயிரைக் காக்கலாம். ஒரு தாயின் மேல் விழவிருந்த பழியையும் தடுக்கலாம்.