சுவரில் பூக்கும் உப்பு

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் புதுவீடு கிடைத்தவர்களோடு பேசும்போது நான் கேட்கும் முறைப்பாடு இது: "சுவரில் உப்புப் பூத்துவிட்டது. சாம்பல் கலந்த சீமெந்தைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்." உப்புப் பூத்தது உண்மை. பழியைச் சாம்பல் மீது போடுவதால், பொறுப்புக் கூறவேண்டியவர்கள் தப்பிவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

இது அடுப்புச் சாம்பல் அன்று. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரியும்போது புகையோடு பறப்பதைப் பிடித்தெடுக்கும் நுண்தூள். இலங்கையில் இது 2011 முதல் இயங்கும் நுரைச்சோலை நிலையத்திலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவின் ஹங்கிரி ஹோர்ஸ் அணையில் 1950களிலேயே இதைக் கலந்து கட்டியிருக்கிறார்கள்.

சீமெந்து நீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு மிஞ்சுகிறது. சுவருக்குள் ஊறும் நீர் அதைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு பட்டதும் அது வெண்படிவமாகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் மண்ணின் உப்பைக் கொண்டுவரும். சாம்பலோ, மிஞ்சிய சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு நுண்துளைகளை அடைக்கிறது. முறையாகச் செய்தால் உப்பைக் குறைப்பதே அதன் குணம்.

ஆனால் அது மெதுவாக வேலை செய்யும். குளிரில் இன்னும் மெதுவாக. கட்டியபின் நாட்கணக்கில் சுவரை நனைத்து வைக்கவேண்டும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டுக் கட்டும் ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பொறுமை ஏது? சீமெந்தே இல்லாமல், காரத்தைக்கொண்டு சாம்பலை இறுக்கும் 'ஜியோபாலிமர்' மாற்று என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் சோடியம் மிஞ்சினால் உப்பு தாராளமாகவே பூக்கும். பொருளை மாற்றுவதால் மட்டும் கவனக்குறைவு மறைந்துவிடாது.

வெண்படிவத்தால் மட்டும் சுவர் விழாது. ஆனால் உள்ளே நீர் நடமாடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த நீர் கம்பியை எட்டினால் துருப்பிடிக்கும். மலையகத்தில் நீரை அலட்சியம் செய்ததன் விலை நமக்குத் தெரியும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கே அபாயம் உண்டு என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் சிதைத்தது.

இனி எழும்பும் வீடுகளுக்காக நான் கேட்பது மூன்று: அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாத தடுப்பு, வீட்டின் பின்புற மண்வெட்டில் வடிகால், எந்தச் சீமெந்து, எத்தனை நாள் நனைக்கப்பட்டது என்று எழுதிய தாள், சாவியோடு குடும்பத்தின் கையில். ஏழு பேர்ச் காணியும் வீடும் தருமமாகக் கிடைத்தவை அல்ல. தலைமுறைகளின் உழைப்புக்கு வந்துசேரவேண்டிய பாக்கி. பாக்கியை வாங்குகிறவருக்கு எண்ணிப்பார்க்கும் உரிமை உண்டு.