'அன்லிமிட்டெட்' எண்டது தீர்வு இல்லை

சொந்தமாக மெயில் சேர்வர் நடத்துகிற எல்லாரும் ஒருநாள் இந்தப் பிழைச்செய்தியைக் காண்பார்கள்: புதிய புரோசஸைத் தொடங்க முடியவில்லை, வளம் தற்காலிகமாக இல்லை. உடனே ஆராவது வந்து சொல்லுவார்: "லிமிட்டை அன்லிமிட்டெட் எண்டு மாத்திவிடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது." நாங்களும் இயங்குதளத்திலும் மெயில் மென்பொருளிலும் மாத்தினோம். பிரச்சினை முடியவில்லை, சேர்வர்தான் முடிஞ்சுது.

எங்கட மெஷினில் 2 ஜிபி ராம்தான். ஓரிரவு ஸ்பாம் வெள்ளமாக வந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு புரோசஸ், வந்த கடிதத்தைச் சோதிக்க இன்னொன்று. சோதிக்கிறது ஒன்று 100 எம்பி தின்றால் இருபதோடு ராம் காலி. உள்ளே போய் நிறுத்துவம் எண்டால் லொகின் பண்ணவே முடியவில்லை.

'தற்காலிகமாக' என்ற சொல்லை நாங்கள் வாசிக்கவேயில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு சேவைக்கு 100 புரோசஸ் என்று இயல்பாக வைத்திருப்பது கஞ்சத்தனம் அல்ல. 101ஆவது இணைப்பு வரிசையில் நிற்கும். நின்று களைத்தால், அனுப்பிய சேர்வர் பிறகு திரும்ப முயலும். குறைந்தது நாலைந்து நாளாவது முயலச் சொல்லித்தான் ஈமெயில் நெறிமுறையே சொல்கிறது. பிந்தி வந்தாலும் கடிதம் கடிதம்தான். விழுந்த மெஷின் ஒருவருக்கும் உதவாது.

1988 நவம்பரில் மொரிஸ் புழு பரவிய வழிகளில் ஒன்று சென்ட்மெயிலில் இருந்த ஓட்டை. அது ஒரு கோப்பையும் அழிக்கவில்லை. ஒரே மெஷினுக்குள் திரும்பத் திரும்பப் புகுந்து புரோசஸ்களைக் குவித்தது. அதுவே மெஷின்களை முடக்கப் போதுமாயிருந்தது.

அப்ப லிமிட்டைக் கூட்டவே கூடாதா? கூட்டலாம், ராமைக் கணக்குப் பார்த்து. கூட்டுகிற இடமும் சரியாக இருக்க வேணும். லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதுவது லொகின் பண்ணி வருகிறவர்களுக்குத்தான். சிஸ்டம்டி தொடங்கும் சேவைக்கு அதன் சொந்தக் கோப்பில் எழுத வேணும். லினக்ஸ் இந்த எண்ணிக்கையைப் பயனர் வாரியாகப் பார்க்கிறது. அதனால் மெயிலையும் இணையத்தளத்தையும் ஒரே பயனரின் கீழ் ஓடவிட்டால் ஒன்றின் பங்கை மற்றது தின்றுவிடும்.

அன்லிமிட்டெட் எண்டு எழுதினால் ராம் அன்லிமிட்டெட் ஆகாது. எல்லையை நாங்கள் போடாவிட்டால் கேர்னல் போடும். எதைக் கொல்லுறது எண்டு அது எங்களைக் கேட்காது.