அவன் போட்டா கிராஃப்ட் பீர், அவள் போட்டா சாராயமா?

ராஞ்சிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஏற்கனவே இங்கே இருப்பவர்கள் சொல்லும் முதல் அறிவுரை எது தெரியுமா? "வீட்டு வேலைக்கு ஆதிவாசிப் பொம்பளைய வெக்காதீங்க. அவங்க வீட்லயே சாராயம் காய்ச்சுவாங்க." ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், அவர்கள் சொல்லும் ஹண்டியாவைச் சாராயம் மாதிரி காய்ச்சி வடிப்பதே கிடையாது. அது புளித்த சோறு. சோறாக்கி, நன்றாக ஆறவைத்து, ரானு என்ற உருண்டையைப் பொடித்துக் கலந்து பானையில் மூடி வைப்பார்கள். அரிசி மாவோடு காட்டு வேர், மூலிகை எல்லாம் இடித்துச் சேர்த்து உருட்டிக் காயவைத்ததுதான் ரானு. வெயில் காலத்தில் மூன்று நான்கு நாள். குளிர்காலத்தில் இன்னும் கூடுதல். ஜனவரியில் ராஞ்சியில் இட்லி மாவு பொங்காமல் அவஸ்தைப்படும் நமக்கா இது புரியாது? அப்புறம் தண்ணீர் விட்டு வடிகட்டினால் ஹண்டியா தயார்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். பெங்களூருவில் ஐடியில் இருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன், போன வருஷம் முதன்முறையாக 'ஆல் கிரெய்ன்' பீர் போட்டான். அதாவது ரெடிமேட் மால்ட் பாகு வாங்காமல் தானியத்திலிருந்தே தொடங்குவது. பொடித்த பார்லி மால்ட்டை 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டு இரண்டு வாரம். பிறகு பாட்டிலில் துளி சர்க்கரையோடு இன்னும் மூன்று வாரம். குடும்ப வாட்ஸப் குழுவில் தினம் ஒரு போட்டோ. "பையன் சயின்டிஸ்ட் ஆயிட்டான்" என்று பெரியவர்களுக்கு ஒரே பெருமை. பெருமைப்படட்டும், அவன் பொறுமை பாராட்டத்தக்கதுதான். என் கேள்வி ஒன்றுதான். அவன் செய்தால் விஞ்ஞானம், சோமாரி தீதி செய்தால் கேவலமா?

விஞ்ஞானம் என்றால் ஹண்டியாதான் ஒரு படி மேல். முளைகட்டிய பார்லியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தானாகவே இருக்கின்றன. வெந்த சோற்றில் அது கிடையாது. ரானுவில் உள்ள பூஞ்சை அந்த வேலையைச் செய்ய, கூடவே இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. இரண்டும் ஒரே பானையில், ஒரே நேரத்தில். ஜப்பானின் சாக்கேவும் இதே தத்துவம்தான். பெல்ஜியம் பீருக்கு 2016லும் சாக்கே தயாரிப்புக்கு 2024லும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கொடுத்தது. அஸ்ஸாமின் திமாசா மக்கள் செய்யும் அரிசி மது ஜூடிமாவுக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம வீட்டு ஹாலில் மட்டும் இன்னும் "சாராயம்".

சட்டம் பேசுகிறீர்களா? பேசுவோம். உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் போடுவது கர்நாடகக் கலால் சட்டப்படி குற்றம். இங்கேயோ, ராஞ்சி போன்ற ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் மது விற்பனையையும் நுகர்வையும் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ கிராம சபைக்கே அதிகாரம் உண்டு என்கிறது 1996ஆம் வருடத்து பெசா சட்டம். சர்ஹுலிலும் கரம் பண்டிகையிலும் முன்னோருக்கு முதலில் ஊற்றிவிட்டுத்தான் குடிக்கிறார்கள். இதில் யார் ஒழுங்கு, யார் ஒழுங்கீனம்?

"அப்ப எல்லாரையும் குடிக்கச் சொல்றீங்களா சார்?" என்று கிளம்பி வருவீர்கள். இல்லை. குடி குடும்பத்தைக் கெடுக்கும், பார்லியானாலும் அரிசியானாலும். வாரச்சந்தையில் ஹண்டியா விற்கும் பெண்களில் பலர் வேறு வழியில்லாமல் விற்பவர்கள். அவர்கள் வேறு தொழிலுக்கு மாற வட்டியில்லாக் கடன் கொடுக்க 2020ல் ஜார்க்கண்ட் அரசு 'பூலோ ஜானோ ஆசீர்வாத்' திட்டம் கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் ஒரு பெண்ணுக்கு மாற்றுத் தொழில் கொடுப்பது வேறு, அவள் பானையைக் காட்டி அவள் ஜாதியையே தள்ளி வைப்பது வேறு. நீங்கள் செய்வது இரண்டாவது.

இந்தப் புத்தி நமக்குப் புதுசும் இல்லை. தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை. 2003லிருந்து பாட்டில் மதுவை அரசே கடை போட்டு விற்கிறது. மரத்திலிருந்து இறக்கினால் குற்றம், ஃபேக்டரியிலிருந்து வந்தால் வருமானம். அதே கணக்கை இங்கேயும் மூட்டை கட்டி எடுத்து வந்திருக்கிறோம்.

பழைய சோற்றுத் தண்ணீரை அமிர்தம் என்று ஃபார்வர்டு செய்யும் மக்களே, இவர்கள் ஊரில் பிழைக்க வந்தவர்கள் நாம். ஹண்டியா குடிக்க வேண்டாம். வேலைக்கு ஆள் வைக்கும்போது வேலை தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். அவள் வீட்டுப் பானையில் என்ன புளிக்கிறது என்பது உங்களுக்கு எதற்கு?