மற்போர் அரங்கின் இரு வாயில்கள்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் நம் கடற்கரைப் பகுதியினருக்குத் தோள்வன்மை புதிதன்று. துறைமுகமும் தொழிற்சாலைகளும் மீன்பிடி வலையும் வளர்த்த உடல்கள் இவை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயரை இங்குள்ள முதியோர் இன்றும் பெருமிதத்தோடு கூறுவர். அவ்வழி வந்த வாலிபர் சிலர், சில ஆண்டுகளாக நம் கலாசாலை உடற்பயிற்சிக் கூடத்தில் குஸ்தியும் ஜியூ-ஜிட்சுவும் கலந்த பிடிப்போரில் பேரார்வங் காட்டி வருகின்றனர். அவருள் ஒருவர் அண்மையில் நம்மை அணுகி, “ஐயா, அந்த அபுதாபிப் போட்டிக்குப் போவது எப்படி?” என்று வினவினார். வினா சிறிது, விடையோ சிறிதன்று. அதுபற்றி நம் அபிப்பிராயத்தை ஈண்டு வெளியிட விரும்புகின்றோம்.

அவ்வாலிபர் குறித்த போட்டி ஏ.டி.சி.சி. என்று உலகம் வழங்குவது. அபுதாபி காம்பட் கிளப் என்பதன் சுருக்கம். அமெரிக்காவில் பயிலுங்கால் ஜியூ-ஜிட்சுவில் ஈடுபட்ட ஷேக் தானூன் பின் ஜாயித் என்னும் அரச குடும்பத்தவர் இதனைத் தோற்றுவித்தார். முதற் போட்டி 1998-ஆம் ஆண்டில் அபுதாபியில் நடைபெற்றது. பின்னர் பெரும்பாலும் இரண்டாண்டுக்கொருமுறை பல நாடுகளில் நடந்து, 2022-லும் 2024-லும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கூடிற்று. குத்தும் உதையும் இதில் இல்லை. எதிரியைப் பிடித்து, வீழ்த்தி, மூட்டை மடக்கியோ கழுத்தை நெரித்தோ, அவன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புமாறு செய்வதே வெற்றி. குஸ்தி வீரனும் ஜூடோ வீரனும் ஜியூ-ஜிட்சு வீரனும் ஒரே பாயில் சந்திக்க வேண்டுமென்பது தோற்றுவித்தவரின் நோக்கம். ஆதலின் எவர் கலைக்கும் சார்பாகாத விதிகள் வகுக்கப்பட்டன. தொடக்கச் சுற்றுகளில் ஆட்டம் 10 நிமிஷம். அதில் முதல் 5 நிமிஷத்திற்குப் புள்ளிகளே இல்லை. அதன்பின் எதிரியின் முதுகைக் கைப்பற்றிக் கால்களாற் பிணித்தால் 3 புள்ளி. முழங்காலை அவன் வயிற்றின்மேல் ஊன்றி நிலைத்தால் 2 புள்ளி.

இவ்விடத்து ஒன்று நினைவிற்கு வருகின்றது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். அம்மல்லனின் மார்பில் ஒரு கால் ஊன்றியிருந்த நிலையை அப்புலவர் விளங்கவே காட்டுகின்றார். இக்காலத்து நடுவராயின் சோழ இளவரசனுக்கு இரண்டு விரல் உயர்த்தியிருப்பார் போலும்!

நிற்க. இவ்வரங்கிற்குட் புகுவதெப்படி? ஆடவர்க்கு ஐந்து எடைப்பிரிவுகள் உள; 66 கிலோவுக்கு உட்பட்டோர் முதல் 99 கிலோவுக்கு மேற்பட்டோர் வரை. ஒவ்வொரு பிரிவிலும் பதினாறு பேருக்கே இடம். 2005 முதல் பெண்களுக்கும் பிரிவுகள் உண்டு. இவ்விடங்களுக்கு வாயில் இரண்டு. ஒன்று, தேர்வுப் போட்டி. உலகத்தை வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பாவும் மத்தியக் கிழக்கும் ஆப்பிரிக்காவும், ஆசியாவும் ஓசியானியாவும் எனப் பகுத்து, மண்டலந்தோறும் திறந்த போட்டி நடத்துவர். கட்டணஞ் செலுத்தும் வீரர் எவரும் புகலாம். ஒரே நாளிலோ இரு நாளிலோ பல ஆட்டங்களை வென்று முதலிடம் பெறுவோர்க்கு அரங்கின் கதவு திறக்கும். மற்றொன்று, அழைப்பு. முந்தைய வெற்றியாளரும், நடத்துவோர் புகழ்மிக்கோரெனக் கருதுபவரும் இவ்வழியே வருவர்.

இவ்விரண்டனுள் தேர்வு வாயிலே மேலானது என்பது நம் துணிபு. 2003-ஆம் ஆண்டில் பிரேஸிலின் ஸாவோ பாவ்லோவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1999, 2000, 2001 என மூன்று முறை தொடர்ந்து வென்ற ராய்லர் கிரேஸி, தம் பிரிவில் அசைக்கவொண்ணாதவராய் நின்றார். எட்டி பிராவோ என்னும் அமெரிக்கர் அப்பொழுது கறுப்புக் கச்சையும் பெறாதவர். வட அமெரிக்கத் தேர்வில் வென்றமையாலன்றோ அவர் அங்கு வந்தார்! அவர் கால்களால் கிரேஸியின் கழுத்தை முக்கோணப் பிடியிற் பிணிக்க, அம்மூன்றாண்டு வீரர் தட்டித் தோல்வியை ஒப்பினார். அழைப்பு ஒன்றே வாயிலாயிருந்திருப்பின், பிராவோவின் பெயரை யார் எழுதியிருப்பர்?

அழைப்பை நாம் அடியோடு வெறுக்கவில்லை. சிறந்தோர் ஒருநாட் காயத்தால் தேர்வை இழந்தாராயின் அவரை அழைத்தல் தகும். புகழ்பெற்றோர் இல்லாத அரங்கிற்குச் சீட்டு விற்பனையும் ஆகாது. ஆயினும் அழைப்பென்பது முன்னமே அறியப்பட்டவனைத் தேடிச் செல்வது. காசிமேட்டுச் சந்திலும் எண்ணூர்க் குப்பத்திலும் பயிலும் இளைஞனை அது அறியாது.

எனினும் தேர்வு வாயிலுக்கும் ஒரு மறைவான தாழ் உண்டு. நம் மண்டலத்தின் பரப்பை நோக்குமின். இந்தியனும் ஜப்பானியனும் ஆஸ்திரேலியனும் ஒரே தேர்வில் நிற்றல் வேண்டும். அது பெரும்பாலும் கடல் கடந்து நடைபெறும். பாஸ்போர்ட்டு, விசா, விமானக் கூலி, தங்குமிடம் எனக் கூட்டிப் பார்த்தால், தந்தையின் பல மாதச் சம்பளம் கரைந்துபோம். வலிமையை மட்டுமே கேட்பதாகச் சொல்லும் வாயில், உள்ளபடியே பணப்பையையும் கேட்கின்றது.

சுதந்திர இந்தியாவுக்குத் தனிவீரர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொணர்ந்த கே. டி. ஜாதவின் வரலாறு இவ்விரு தடைகளையும் காட்டும். 1952-இல் நம் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில், வேண்டுமென்றே தமக்கு ஒரு புள்ளி குறைத்து அளித்ததாக அவர் முறையிட்டார். பட்டியாலா மகாராஜா தலையிட, மறுதேர்வு கிடைத்தது; எதிரியை வீழ்த்தி இடம் பெற்றார். உடனே அடுத்த தாழ்: பிரயாணச் செலவுக்குப் பணமில்லை. அவர் பயின்ற கோலாப்பூர் இராஜாராம் கலாசாலையின் முதல்வர் கார்டிகர் தம் வீட்டை அடகுவைத்து 7,000 ரூபாய் தந்தார். ஹெல்ஸிங்கியில் ஜாதவ் வெண்கலம் வென்றார். ஒரு கலாசாலை முதல்வரின் வீட்டுப் பத்திரம் அப்பதக்கத்தின் அடியில் இருந்தது என்பதை ஆசிரியராகிய நாம் மறத்தற்கில்லை.

பிறரைக் குறைகூறுமுன் நம் கூடத்தையும் நோக்குவோம். சென்ற ஆண்டு வெளிப்போட்டிக்கு யாம் அனுப்பிய பெயர்கள், பயிற்சிக்குத் தவறாது வந்தோரின் பட்டியலிலிருந்து எழுதப்பட்டவை. இரவெல்லாம் மீன்பிடித் துறைமுகத்தில் தந்தைக்குத் துணைநின்று, விடியலில் உறங்கி, வாரம் இருமுறையே வரக்கூடிய ஒரு மாணவரின் பெயர் அதில் இல்லை. பெயர்களை அனுப்பிய மறுவாரம், விளையாட்டாகவே, பட்டியலில் முதலாவது நின்றவரோடு அவரைப் பிடிக்கச் சொன்னோம். மூன்று முறை பிடித்தனர். மூன்று முறையும் பட்டியலார் பாயைத் தட்டினார். பட்டியலைத் திருத்தக் காலம் கடந்திருந்தது. அம்மாணவர் ஒன்றும் சொல்லாமல் சட்டையை அணிந்துகொண்டு சென்றார். அவர் முகத்தை நோக்க நமக்கு நாணமாயிருந்தது.

ஆதலின் இவ்வாண்டு பட்டியல் இல்லை. ஒவ்வோர் எடைக்கும் திறந்த தேர்வு. இரவு வேலை செய்வோர்க்கு இசையுமாறு பிற்பகல் நான்கு மணிக்கு. வருகைப் பதிவேடு அன்று பூட்டிய அலமாரியில் இருக்கும். வென்றோர் வெளித் தேர்வுகளுக்குச் செல்லும் பிரயாணச் செலவிற்கென ஒரு நிதி தொடங்கியுள்ளோம். நம் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தத்தம் பெயர் பொறித்த வெள்ளிக் கோப்பை ஒன்றைக் கலாசாலைக்கு அளிக்க எண்ணியிருப்போர், அத்தொகையை இந்நிதிக்கு அனுப்புக. கோப்பைகள் நம்மிடம் வேண்டிய மட்டும் உள. அவற்றைத் துடைக்கவே ஆளில்லை.